காப்பு கட்டியவரின் மாத்திரை

ஆடி மாதம். அம்மனுக்கு அலகு குத்துகிற நாள். காலை ஆறு மணிக்கு, விம்கோ நகர் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் மண்ணாங்கட்டி செத்துப்போனார்.

குளித்துவிட்டு வந்து மஞ்சள் வேட்டி கட்டி உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். மனைவி பூவம்மா போட்ட கூச்சலில் மாடிப்படி முழுக்க ஆள் நிறைந்தது. ஆட்டோ வருவதற்குள் கை சில்லிட்டுவிட்டது. மணிக்கட்டில் கட்டியிருந்த காப்புக் கயிறு மட்டும் குளித்த ஈரம் காயாமல் இருந்தது.

ராயபுரம் கிடங்குகளில் மூட்டை தூக்கித் தேய்ந்த உடம்பு அது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கை வழியாகக் கம்பி விட்டு, அடைப்பைத் திறந்து, ஸ்டென்ட் என்கிற குட்டி வலையை உள்ளே வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மனிதர் மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறினார். பிழைத்ததற்கு நன்றியாக அலகு குத்திக்கொள்வதாக வேண்டிக்கொண்டார். இனிமேல் பயமில்லை என்று தெருவே நம்பியிருந்தது.

அதனால்தான் அவர் தம்பி அறிவு சொன்னதைத் தெரு அப்படியே பிடித்துக்கொண்டது.

"வலை வச்ச குழாய் எப்டி மறுக்கா அடைக்கும்? மாத்திரதான் டூப்ளிகேட். மாசானம் கடை மாத்திர!"

எட்டு மணிக்கு மாசானத்தின் மருந்துக்கடை ஷட்டரில் கட்டை விழ ஆரம்பித்தது. மாசானம் உள்ளே இருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் ஜெமிமா ஜீப்பிலிருந்து குதித்தபோது பூட்டு பாதி பெயர்ந்திருந்தது.

"இன்னா மேடம், அவன உள்ள வச்சி காபந்து பண்ணிகினு கீற?" என்றான் அறிவு. "வெளிய வுடு. நாங்க பாத்துக்கறோம்."

"பாத்து என்ன செய்வீங்க?"

"ஒங்க ஊர்க்காரன். அதான் ஒனக்கு துடிக்குது."

"நான் நாகர்கோவில். அவரு திசையன்விளை. நடுவுல எவ்வளவு தூரம்னு பஸ்ல ஒரு நாள் போய்ப் பாருங்க. கட்டையைக் கீழ போடுங்க."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கட்டை இறங்கியது. ஆள் நகரவில்லை.

கடையின் பின்சந்திலும் ஆள் நின்றார்கள். அவர்களை விலக்கிக் கதவைத் தட்டி, பின்வாசல் வழியாக உள்ளே போனாள் ஜெமிமா. மாசானம் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"எம்மா, அந்த மனுசன் தெனமும் என் கடை வாசல்ல உக்காந்துதான் பேப்பர் பாப்பாரு. அவருக்குப் போயி நான் கள்ள மாத்திர குடுப்பனா? சாயங்காலம் பொணம் இந்தத் தெரு வழியாத்தான் வரும். அப்ப இவங்கள நீ ஒருத்தி தடுத்திருவியாம்மா?"

ஒரு பெண் அதிகாரி, இரண்டு காவலர், பாதி பெயர்ந்த பூட்டு. தடுக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். பிணம் வருவதற்குள் உண்மை வந்தாக வேண்டும். மண்ணாங்கட்டிக்குக் கொடுத்த அதே மாத்திரையில் பிரிக்காத அட்டை ஒன்றை அவரிடம் வாங்கிக்கொண்டாள்.

பிரேதப் பரிசோதனைக்குத் தூக்குவதற்கு முன் உடலை ஒருமுறை பார்த்தாள். முகத்தில் விரதத் தாடி. வலது முழங்காலுக்குக் கீழே நீளமான கீறல். மேலே நூல் மாதிரி காய்ந்த பொருக்கு.

"இது எப்படி?"

"முந்தாநேத்து பந்தல் போட்டுகினு இருக்கப்போ தகரம் கிழிச்சிடுச்சி," என்றான் அறிவு. "துணிய வச்சி அமுக்கினாரு, நின்னுபோச்சி. எங்கண்ணன் வைரம் பாஞ்ச உடம்பு மேடம்."

வாசலில் நின்ற சலூன்கடை வெற்றி தலையைச் சொறிந்தான்.

"வைரமா? போன மாசம் என் கத்தி இந்த நைனா தாடைல லைட்டா பட்டிச்சி. நிக்கவே இல்ல. படிகாரம் தேச்சி, பஞ்சி வச்சி, மூணு துண்டு பாழாச்சி. மாத்திர சாப்புட்றேன், அப்டித்தான் ஊத்தும்னு சிரிச்சிகினே சொன்னாரு. எனக்குதான் உசுரு போயி வந்திச்சி."

ஜெமிமா கீறலை இன்னொரு முறை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

மகள் மகிழினி அழுது முடித்த முகத்தோடு இருந்தாள். மணலியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை.

"அப்பா மாத்திரையை ஒரு வேளையாவது விட்டாரா?"

"வுட்டதே இல்ல மேடம். ஞாயித்துக்கெழமயானா நான்தான் அட்டைலந்து பிரிச்சி இந்த டப்பால போட்டு வைப்பேன். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு அறை. ரோஸ் ஒண்ணு, வெள்ள ஒண்ணு. ரோஸ் மாத்திரதான் முக்கியம், ரத்தம் கட்டாம பாத்துக்கும், ஒரு வருசம் நிறுத்தவே கூடாதுன்னு நர்ஸ் என் கைல அட்ச்சி சொல்லிச்சி."

"முழுங்கினதை யார் பார்ப்பாங்க?"

"அம்மாதான் தண்ணி குடுக்கும்."

பூவம்மா சுவரோடு ஒடுங்கியிருந்தாள். பக்கத்து வீட்டுத் தாயம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே குறுக்கே வந்தாள். "இவள கேக்காத மேடம். இஸ்கூல்ல அம்மாம் புள்ளைங்களுக்கு சோறாக்கிப் போட்டு, சத்து மாத்திர குடுத்து, வூட்டுக்கு வந்தா புருசனுக்கும் மாத்திர குடுத்துகினு கெடந்தவ. இவ கைய கும்புடணும்."

"கடைசி வாரத்துல அப்பாகிட்ட ஏதாவது மாறுதல்?" என்று மகளிடமே கேட்டாள் ஜெமிமா.

மகிழினி தயங்கினாள். "வெளிக்கி கறுப்பா போவுதுன்னாரு. வயித்துல ரத்தம் கசியுதோன்னு எனக்கு பேஜாராயிடுச்சி. ஆஸ்பத்திரிக்கு வான்னு இழுத்தேன். சித்தப்பா வுடல."

"காப்பு கட்டினவன் ஊர் எல்லைய தாண்டக் கூடாது," என்றான் அறிவு. "அது கூடவா தெரியாது?"

"அலகு குத்துறது நீங்கதானா?"

"பின்ன? எங்கப்பாவுக்கு அப்பால நான்தான். கன்னத்துல இந்தாண்ட குத்தி அந்தாண்ட எடுப்பேன். ஒரு சொட்டு வராது."

"வந்தா?"

"வந்தா வூட்டுல சுத்தம் இல்லன்னு அர்த்தம். போன வருசம் ஒருத்தனுக்கு ஊத்திச்சி. அவன் பொண்டாட்டி மூஞ்சில தெருவே காறித் துப்பிச்சி. வூட்ட காலி பண்ணிகினு மீஞ்சூர் பக்கம் பூட்டாங்கோ."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் போனில் பேசினார்.

"விஷம் மாதிரி எதுவும் தெரியல. வலையில தப்பு இல்ல, நல்லா விரிஞ்சி உக்காந்திருக்கு. ஆனா அதுக்குள்ள புதுசா ரத்தக்கட்டி. குழாய் முழுக்க அடைப்பு."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாலும் இப்படி ஆகுமா?"

"ஆகலாம். நூத்துல ஒருத்தருக்கு. மாத்திரைய நடுவுல நிறுத்தினவங்களுக்குத்தான் அதிகம் பாக்கறோம்."

"வயித்துல ரத்தக்கசிவு?"

"இல்லவே இல்ல. மலம் மட்டும் கறுப்பு. இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது எடுத்தாரா?"

ஜெமிமா போனை வைத்தாள். அவள் மகனும் மாநகராட்சிப் பள்ளியில்தான் படிக்கிறான். வாரம் ஒருநாள் நாக்கைச் சுழித்துக்கொண்டு ஒரு மாத்திரை முழுங்குவான். அதன் நிறம் அவளுக்குத் தெரியும்.

நாலரை மணிக்கு மறுபடி மாடி ஏறினாள். கீழே கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. பிணவண்டி தேரடியைத் தாண்டிவிட்டதாக யாரோ கத்தினார்கள்.

வீட்டில் பூவம்மா, மகிழினி, அறிவு மூவரையும் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். மாசானம் கொடுத்த அட்டையிலிருந்து ரோஸ் மாத்திரை ஒன்றைப் பிரித்து, கத்தியால் இரண்டாக வெட்டினாள். உள்ளே வெள்ளை.

பிறகு மகிழினியின் டப்பாவைத் திறந்தாள். மண்ணாங்கட்டி சாப்பிடாமல் போன இன்றைய அறையில் ரோஸ் மாத்திரை இருந்தது. அதையும் வெட்டினாள். உள்ளே துருப்பிடித்த ஆணி நிறம்.

"இது மாசானம் கடை மாத்திரை இல்ல," என்றாள் ஜெமிமா. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் குடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை. வெளியே ரெண்டும் ரோஸ். அட்டையில இருந்தா பேரைப் பார்த்துக் கண்டுபிடிச்சிடலாம். டப்பாவுல கொட்டிட்டா தெரியாது."

வெட்டிய இரண்டையும் மூவர் முன்னாலும் வைத்தாள்.

"ரெண்டு விஷயம் இங்க எல்லார் கண்ணு முன்னாடியும் இருந்துச்சு. கறுப்பா போகுதுன்னதும் ரத்தம் கசியுதுன்னு பயந்தீங்க. கசியல, அது இரும்பு. இன்னொண்ணு அந்தக் கால் கீறல். போன மாசம் சின்னக் கத்தி பட்டதுக்கே நிக்காம ஊத்தின மனுசனுக்கு, தகரம் கிழிச்சும் துணியில நின்னுபோச்சு. உடம்பு வைரம்னு நெனச்சீங்க. உண்மையில, ரத்தம் உறையாம காத்த மாத்திரை அவருக்குள்ள போய்ப் பல நாளாச்சு."

"யாரு மாத்தினது?" மகிழினியின் குரல் கிழிந்து வந்தது.

"உங்கப்பாவுக்கு அலகு குத்துற அன்னைக்கு ரத்தம் வந்துடக் கூடாதுன்னு யாருக்கு அதிக பயமோ, அவங்க. வந்தா தெரு யார் மூஞ்சில துப்புமோ, அவங்க. பிள்ளைங்களுக்கு மாத்திரை குடுக்கிற கையும் அவங்களோடது."

பூவம்மா எழுந்தாள். அம்மன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே ரோஸ் மாத்திரைகள்.

"தூக்கிப் போடல மேடம். ஆத்தா வேல முடிஞ்சதும் நாளைலந்து இத்தையே குடுத்துடலாம்னு எட்த்து வச்சேன். அதான் வலை வச்சி குழாய தொறந்துட்டாங்களே, ரெண்டு வாரம் நிறுத்தினா இன்னா ஆவப்போவுதுன்னு நெனச்சேன். அவராண்ட சொன்னா கேக்க மாட்டாரு. மாத்திரைய வுடவே மாட்டேன்னு பொண்ணு தலைல அட்ச்சி சத்தியம் பண்ணி கீறாரு." முடிச்சைப் பார்த்தபடியே கேட்டாள்: "இது இல்லாமதான் செத்தாரா?"

ஜெமிமா அவள் அருகே போனாள். "வலை உடம்போட ஒட்டிச் சேர நாளாகும்மா. அதுவரைக்கும் அது அந்நியப் பொருள். ரத்தம் அதைச் சுத்திக் கட்டிக்கும். இந்த மாத்திரைதான் அதுக்குக் காவல்."

பூவம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

கீழே பறைச்சத்தம் கேட்டது. வண்டி வந்துவிட்டது. கூடவே ஷட்டரில் முதல் அடி.

"நான் போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க," என்றாள் ஜெமிமா. "ஊர்க்காரனைக் காப்பாத்துறேன்னுதான் சொல்லுவாங்க."

பூவம்மா எழுந்து கதவுப் பக்கம் போனாள். அறிவு வழியை மறித்தான். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணி, வாய மூடிகினு இரு. அவன் மேலயே போவட்டும். வெளியூர்க்காரன், கடைய மூடிகினு பூடுவான். நீ இங்கதான வாழணும்?"

"ஆத்தா சொல்லலடா, நீதான் சொன்ன, ஒரு சொட்டு வரக் கூடாதுன்னு. அந்த பயத்துல அவர சாவட்ச்சிட்டேன். இன்னொர்த்தர் சாவையும் என் தலைல கட்டாத. நவுரு."

அவன் நகர்ந்தான்.

அவிழ்ந்த தலையோடு அவள் மாடிப்படி இறங்கினாள். புருஷன் பிணத்தைப் பார்க்க வருகிறாள் என்று கூட்டம் வழி விட்டது. அவள் வண்டிக்குப் போகவில்லை. நேராக ஷட்டர் முன்னால் போய் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"மாசானத்த வுடுங்க. அவரு குடுத்த மாத்திர நல்ல மாத்திர. அத்த எட்த்துட்டு வேற வச்சது நான். ரத்தம் வந்தா நீங்கல்லாம் துப்புவீங்கன்னு வச்சேன். துப்பறதுன்னா இப்ப துப்புங்க."

பறை நின்றது. ஓங்கிய கட்டையோடு நின்றவன் அதை எங்கே இறக்குவது என்று தெரியாமல் பின்னால் இருந்தவனைப் பார்த்தான். அவன் அறிவைப் பார்த்தான். அறிவு தரையைப் பார்த்தான். ஒருவரும் துப்பவில்லை. ஷட்டர் ஒரு முழம் மேலே போனது. மாசானம் குனிந்து வெளியே வந்தார். பூவம்மாவைப் பார்த்துக் கும்பிடப் போனவர், பாதியில் கையை இறக்கிவிட்டார்.

ஜெமிமா விலங்கு போடவில்லை. கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினாள். மகிழினி அப்பா கிடந்த வண்டிக்கும் அம்மா உட்கார்ந்த ஜீப்புக்கும் நடுவில் நின்றாள். கடைசியில் ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்த என்ன கேட்டிருக்கலாமேம்மா."

பூவம்மா மகளின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"அப்பாவாண்ட போ," என்றாள். "தனியா கீறாரு."