அண்ணன் போய்த் தம்பி வருவதற்குள்

மருந்து மாற்றிய ஒன்பதாம் நாள் காலையில், கண்களைத் திருப்பியபோது நருமிக்கு ஒரு சத்தம் கேட்டது.

சாப்பாட்டு மேசையில் மருந்துக்கடை கொடுத்த காகிதப் பொட்டலங்களின் சரம் மடிந்து கிடந்தது. ஒவ்வொன்றிலும் அவன் பெயர், தேதி, 'காலை உணவுக்குப் பின்' என்ற வரி. அன்றைய பொட்டலத்தை வலக்கைச் சுட்டுவிரலால் நேராகச் சுட்டி, "மாத்திரை, சரி," என்று உரக்கச் சொன்னான். பிறகு அடுப்பின் பக்கம் பார்வையைத் திருப்பினான். ஷான். மெல்லிய தகரத் துண்டுகள் நிறைந்த பையை யாரோ ஒரே ஒருமுறை குலுக்கி, உடனே கையால் பொத்தியது போல. கூடவே பின்மண்டையில் ஊசி முனையளவு மின்சாரம்.

"அடுப்பு, சரி," என்றான் கொஞ்சம் தாமதமாக.

இருபது வருடம் ரயிலில் கார்டாக இருந்தவனின் பழக்கம் இது. பார்க்க வேண்டியதை விரலால் சுட்ட வேண்டும், வாயால் சொல்ல வேண்டும். ரயிலில் என்றால் ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்வார். இந்த மாடி அறையில் திருப்பிச் சொல்ல யாரும் இல்லை. ஜன்னலின் பாதி உயரத்துக்குப் பனி ஏறியிருந்தது. அறை முழுக்க மண்ணெண்ணெய்க் கணப்பின் வாசனை. அதற்கடியில், மூலையிலிருந்த அட்டைப் பெட்டியிலிருந்து மெல்ல நெகிழ்ந்துகொண்டிருக்கும் ஆப்பிள்களின் புளித்த இனிப்பு.

சத்தத்துக்கு அவன் பயப்படவில்லை. மனச்சோர்வு மருந்தை மாற்றிக் கொடுத்தபோதே மருந்துக்கடை மிகாமி சொல்லியிருந்தாள்.

"ரெண்டு மருந்தும் ஒரே குடும்பம்தாங்க, நருமி சான். அண்ணன் தம்பின்னு வச்சுக்கங்க. அண்ணனால உங்களுக்குப் பகல்ல தூக்கமா வருது, அதனால டாக்டர் அவரை அனுப்பிட்டுத் தம்பியைக் கூப்பிடறாரு. அண்ணன் போறப்போ கதவைக் கொஞ்சம் டமார்னு சாத்திட்டுத்தான் போவாரு. தலை சுத்தும். கண்ணைத் திருப்பினா ஷான்னு சத்தம் வரும்னு சில பேர் சொல்வாங்க. போயிடும். தம்பி வந்து செட்டிலாக மூணு வாரம் ஆகும்."

"நடுவுல?"

"நடுவுல வீடு கொஞ்சம் காலியா இருக்கற மாதிரி தோணும்." சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். அவனுடைய மருந்துக் குறிப்பேட்டின் பின்னட்டையில் பென்சிலால் தன் தொலைபேசி எண்ணை எழுதினாள். "எது வந்தாலும் சொல்லுங்க. சின்னதா இருந்தாலும். நீங்களா நிறுத்தாதீங்க, மறைக்கவும் மறைக்காதீங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா நானே கூப்பிடறேன்."

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், வழிப்போக்கர்களைக் காக்கும் ஜிசோ சாமியின் சிறிய கல்லுருவம் நிற்கும். யாரோ அதற்குச் சிவப்பு நூலில் தொப்பி பின்னிப் போட்டிருந்தார்கள். யாரோ தினமும் அதன் தலையிலிருந்து பனியைத் தட்டிவிடுகிறார்கள். யாரென்று யாருக்கும் தெரியாது. இந்த உலகம் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவர்களின் கையால்தான் நடக்கிறது. நருமியும் ஒரு காலத்தில் நின்று தட்டிவிட்டுப் போனவன்தான். இப்போது தலையைக் குனிந்தபடி கடந்துபோனான்.

அவனுக்கு இப்போது ரயிலில் வேலை இல்லை. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களை வைக்கும் பின்னறையில் வேலை. முந்நூறு குடைகள். ஒற்றைக் கையுறைகள். ஒரு பல் செட்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒயாமா கதவில் சாய்ந்து நின்றார். "என்ன நருமி, குடைங்களுக்கெல்லாம் பேரு வச்சாச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"அடுத்த வாரம் கம்பெனி டாக்டர் வர்றாரு. ரெண்டே கேள்விதான். பகல்ல தூக்கம் வருதா? வேற தொந்தரவு ஏதாவது இருக்கா? ரெண்டுக்கும் இல்லேன்னா ரயிலு உன்னுது. இருக்குன்னு வாயைத் திறந்தே, இந்தக் குடைங்கதான் உனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க." சொல்லிவிட்டு, கையிலிருந்த சூடான காப்பி டப்பாவை அவன் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நருமிக்கு ரயில் வேண்டும். வேறு எதுவும் இல்லை அவனுக்கு. அந்த நீலச் சீருடைக்குள் நுழைந்துவிட்டால், இரண்டு வருடமாக நெஞ்சில் கிடக்கும் ஈரத்துணி காய்ந்துவிடும் என்று நம்பினான்.

அந்தத் துணி விழுந்த நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. கடைசி நிலையத்தில் ரயில் நின்றதும் கார்டு பெட்டி பெட்டியாக நடந்து பார்க்க வேண்டும். மேல் தட்டு, சரி. இருக்கை, சரி. உள்ளே ஆள் இல்லை, சரி. அன்று அவனுக்குக் களைப்பு. கண் பார்ப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது. விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினான். கடைசி இருக்கையில் ஃபுகுஷி என்ற ஆப்பிள் விவசாயி, எழுபத்தொன்பது வயது, சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். காலையில்தான் கண்டுபிடித்தார்கள். உயிர் பிழைத்தார். குளிரில் விறைத்து இடக்காலில் இரண்டு விரல் போயிற்று.

அவர் புகார் கொடுக்கவில்லை. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஒரு பெட்டி ஆப்பிள் அனுப்பினார். முதல் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. 'முழித்ததும் கண்ணாடியைத் தட்டினேன். பனியில் சத்தம் போகவில்லை. உங்கள் கைவிளக்கு தூரத்தில் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபம் இல்லை. அன்றைக்கு உங்களுக்கும் தூக்கம், எனக்கும் தூக்கம். பழம் இந்த வருடம் நல்ல இனிப்பு. சாப்பிடுங்கள்.'

நருமி ஒரு பழம்கூடச் சாப்பிடவில்லை. சாப்பிட்டால் மன்னிப்பை வாங்கிக்கொண்டதாகிவிடும் என்று பயம்.

சாயங்காலம் மிகாமி கூப்பிட்டாள். "எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க."

"அந்தச் சத்தம் ஏதாவது?"

"இல்லீங்க. பரவாயில்லைங்க."

அந்த இரண்டு வருடத்தில் அவன் அதிகம் சொன்ன சொல் அதுதான். பலர் மிதித்துத் தேய்ந்த படிக்கட்டு போல, அந்தச் சொல்லில் கால் வைத்தால் தானாகவே இறங்கிவிடலாம்.

சத்தத்துக்கு ஒரு விதி இருந்தது. கண் அசைந்தால் வரும். கண் நின்றால் நிற்கும். பதினோராம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. பின்னறையில் நூற்றுக்கணக்கான குடைகளின் நனைந்த துணிவாசனை, பூஞ்சையும் இரும்பும் கலந்து, தொண்டை வரை இறங்கியது. கூரையிலிருந்து பனிப்பாளம் ஒன்று சரிந்து விழுந்தது. அதன் பின் வந்த அமைதியில் சுவர்க்கடிகாரம்கூடத் துணி சுற்றியது போல ஒலித்தது. நருமி நாற்காலியில் சாய்ந்து, கண்களை மூடி, இமைகளுக்குப் பின்னால் விழிகளை ஒரே இடத்தில் நிறுத்தினான். அமைதி. அப்பாடா.

ஷான்.

அவன் கண்ணை அசைக்கவில்லை.

மூச்சைப் பிடித்தான். இரண்டு விரல்களை இமைகள்மேல் வைத்து அழுத்தினான். விரல்நுனிக்குக் கீழே விழிகள் இரண்டும் கூழாங்கற்கள் போல நின்றிருந்தன.

ஷான். சற்று நேரம். ஷான். பிறகு கீழே, ஷான்.

அந்த வரிசை அவனுக்குத் தெரியும். முதலில் மேல் தட்டு. அடுத்து இருக்கை. பிறகு தரை. காலிப் பெட்டியைச் சோதிக்கும் கார்டின் பார்வை அந்த வரிசையில்தான் போகும். அவசரமில்லாமல். ஒழுங்காக.

யாரோ பார்க்கிறார்கள். அறைக்குள் நின்று அல்ல.

மறுநாள் காலை மேசைக்கு முன்னால் நின்று விரலை உயர்த்தினான். பார்வை பொட்டலத்தைத் தொடுவதற்கு முன்பே, "மாத்திரை, சரி," என்று கேட்டது. அவனுடைய குரல். நல்ல குரல், பழைய குரல், ரயிலில் அறிவிப்புச் செய்யும் தெளிந்த குரல். பொட்டலம் ஏற்கெனவே கிழிந்திருந்தது. காலி. நாக்கில் கசப்பு.

அவன் விழுங்கியது அவனுக்கு நினைவில்லை.

அன்று ஸ்டேஷனில் ஒயாமா தோளில் தட்டினார். "அடேங்கப்பா, குரல் திரும்பி வந்துடுச்சே! காலையில 'வணக்கம்'னு நீ சொன்னதுல எனக்கே முதுகு நிமிந்துடுச்சு, போ."

நருமி அன்று அவருக்கு வணக்கம் சொல்லவே இல்லை.

பதிமூன்றாம் நாள் மிகாமி கூப்பிட்டாள். அவன் தீர்மானித்திருந்தான், சொல்லிவிடுவது. ரயில் போனால் போகட்டும். 'உள்ளே யாரோ இருக்காங்க' என்ற சொற்களை நாக்கில் அடுக்கி, வாயைத் திறந்தான்.

"பரவாயில்லைங்க, மிகாமி சான். நல்லாத் தூங்கறேன்."

"அப்பாடா! குரலே தெளிவா இருக்கே."

"உங்க புண்ணியம்."

தொலைபேசியைப் பிடித்திருந்த கை நடுங்கவில்லை. அவன் நடுங்கிக்கொண்டிருந்தான், கை நடுங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், விளக்குப் போடாமல், கணப்பின் சிவப்பு வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். மூலைப் பெட்டியிலிருந்து அந்த வாசனை. கையை நீட்டிப் பார்த்தான். இடக்கை இன்னும் அவன் சொன்னதைக் கேட்டது. செய்தித்தாளைப் பிரித்து ஒரு பழத்தை எடுத்தான். அடிப்பக்கம் நெகிழ்ந்து பழுப்பேறியிருந்தது. மேல்பக்கம் கடித்தான்.

இனிப்பு. பெரியவர் பொய் சொல்லவில்லை.

அழுகை வந்தது. அழுகை வந்த அந்தக் கொஞ்ச நேரம் உள்ளே எதுவும் அசையவில்லை, அந்த இனிப்புக்கு ஒதுங்கி நின்றது போல. அந்த இடைவெளியில் அவன் குறிப்பேட்டின் பின்னட்டையைத் திருப்பி, பென்சில் எண்களை ஒவ்வொன்றாக இடக்கையால் அழுத்தினான்.

"மிகாமி பேசறேன். ... ஹலோ? யாருங்க?"

வாய் திறக்கவில்லை. பற்கள் பூட்டிக்கொண்டிருந்தன. மூச்சை மட்டும் விட்டான். உரக்க. மறுபடி.

"நருமி சானா? மூச்சு கேக்குது. பேச வேணாம். அங்கேயே இருங்க. ரெண்டு தெருதானே, நான் வர்றேன்."

வருகிறாள். ஒருத்தி, பனியில், ஒரு மூச்சை மட்டும் நம்பி.

ஷான்.

ஷான். ஷான். ஷான்.

பத்து நிமிடத்தில் கீழே பனி நொறுங்கும் காலடி கேட்டது. படியேறும் சத்தம். கதவில் தட்டு. நருமி எழ முயன்றான். அதற்கு முன் உடம்பு எழுந்தது. இடக்கை ஆப்பிளைப் பெட்டியில் போட்டு, செய்தித்தாளால் மூடியது. உதடுகளைத் துடைத்தது. கதவைத் திறந்தது.

மிகாமி கைவிளக்கோடு நின்றாள். தலையெல்லாம் பனி. மூச்சிரைப்பு. மார்போடு அணைத்த ஒரு ஃபிளாஸ்க்.

"என்ன ஆச்சு? பயந்தே போயிட்டேன்."

"ஐயோ, மன்னிச்சுக்கங்க." உடம்பு அழகாகக் குனிந்தது. "தவறி விரல் பட்டுடுச்சு. இந்தப் பனியில உங்களை அலைய வச்சுட்டேனே."

அவள் விளக்கைச் சற்று உயர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகப் பார்த்தாள். நருமி தன்னிடம் மிச்சமிருந்த அத்தனையையும் திரட்டிக் கண்களுக்கு அனுப்பினான். அவை ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்ந்தன. பெட்டியைப் பார். குறிப்பேட்டைப் பார். என்னைப் பார்.

ஷான்.

மிகாமியின் தலை சாய்ந்தது. "உள்ள... யாரோ சாவி ஆட்டினாங்களா?"

"யாரும் இல்லீங்க. நான் மட்டும்தான்."

அவள் நின்றாள். போக மனமில்லாமல் நின்றாள். பிறகு ஃபிளாஸ்க்கை அவன் கையில் திணித்தாள். "மிசோ சூப்புதான். குடிச்சுட்டுப் படுங்க. காலையில ஃபிளாஸ்க்கை வாங்க நானே வர்றேன். வெறும் ஃபிளாஸ்க்குக்காகத்தான், சரியா?"

"கண்டிப்பா. ரொம்ப நன்றிங்க."

கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது. அவள் காலடி படியில் ஒருமுறை நின்றது. ஒரு நொடி. பிறகு இறங்கியது.

ஜன்னல் கண்ணாடியில், பனிக்கு மேலே மிஞ்சியிருந்த இடைவெளியில், அவளுடைய கைவிளக்கு தெருவில் ஆடி ஆடிப் போவது தெரிந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். தட்டினான். கை அசையவில்லை. தட்டிக்கொண்டே இருந்தான். விளக்கு ஒரு புள்ளியானது. திருப்பத்தில் மறைந்தது.

உடம்பு ஜன்னலிலிருந்து அறைக்குள் திரும்பியது. குதிகால்கள் சேர்ந்தன. ஃபிளாஸ்க், திறக்கப்படாமல், மேசைக்குப் போனது. வலக்கை நிதானமாக உயர்ந்து, சுட்டுவிரல் நீண்டது.

"மேல் தட்டு, சரி."

ஷான்.

"இருக்கை, சரி."

ஷான்.

விரல் வளைந்து திரும்பி, அவன் நெற்றியை நேராகச் சுட்டியது. அவன் உள்ளிருந்து கத்தினான்.

"உள்ளே ஆள் இல்லை. சரி."

கை, அறை விளக்கின் பொத்தானைத் தேடவில்லை. அந்த விளக்கு எரியவே இல்லை. அது கண்களைத்தான் மூடியது.