இரைச்சல் என்று குறிக்கப்பட்டவை

பிற்பகல் மூன்று மணிக்கு மன்னார் வளைகுடாவில் அறுநூற்றுப் பன்னிரண்டு படகுகள் பேசிக்கொண்டிருந்தன. பழைய வானொலியை வைத்துக் கேட்டிருந்தால் வெறும் இரைச்சல்தான் கேட்டிருக்கும்.

படகுகளில் இருந்த பல்லலை வானொலிப் பெட்டிகள் அப்படிப்பட்டவை. ஒவ்வொரு பெட்டியும் தன் அலைவரிசையையும் அலையின் வடிவத்தையும் மென்பொருளாலேயே மாற்றிக்கொள்ளும். ஒன்றிடம் ஒன்று கற்றுக் கற்று, துளியும் வீணாகாத ஓர் அலையை அவை செதுக்கியிருந்தன. அப்படிப்பட்ட அலை, மொழி தெரியாத காதுக்கு இரைச்சலாகத்தான் விழும்.

தூத்துக்குடிக் கரை நிலையத்தில் இருந்த ஜெனோவாதான் அந்தப் பெட்டியை வடிவமைத்தவள். அவள் எதிரே வரைபடத்தில் படகுகள் பச்சைப் புள்ளிகளாக நகர்ந்தன. கடலில் மின்னல் வெட்டியது. ஒரு புள்ளி அணைந்தது.

எண் 408. அவள் தம்பி ரீகனின் படகு.

"மின்னல்ல பெட்டி அணைஞ்சு மறுபடி எழும்பியிருக்கும்," என்றார் மூத்த பொறியாளர் நிஜாமுதீன். "கத்துக்கிட்டது எல்லாம் மறந்திருக்கும். தொழிற்சாலைல போட்டுக்கொடுத்த முதல் அலைலதான் பேசும்."

"பேசட்டும் சார். நம்ம பெட்டி கேக்கும்ல?"

கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பெட்டியின் திரையில் 'அழைப்பு இல்லை' என்றே இருந்தது.

நிஜாமுதீன் கோபுரத்திலிருந்து வரும் கம்பியைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, எதையும் வடிகட்டாத அலைக்காட்டியில் செருகினார். அதில் மெல்லிய முகடு ஒன்று எழுந்து தாழ்ந்தது. மூச்சு வாங்கி, மறுபடி எழுந்தது. மனிதன் கத்தும் தாளம். கம்பியைப் பெட்டிக்கே மாற்றினார். பெட்டியின் திரையில் அந்த இடம் மட்டமாகக் கிடந்தது.

ஜெனோவாவுக்குப் புரிந்தது. தெரியாத வடிவம் எதுவானாலும் பெட்டியின் இரைச்சல்நீக்கி அதைத் துடைத்துவிடும். இங்கே மட்டுமல்ல, கடலில் உள்ள அத்தனை படகுகளிலும்.

"அபாய அழைப்புக்குன்னு ஒரு சின்ன மின்சுற்று, மென்பொருள் தொட முடியாததா, தனியா வேணும்னேன்," என்றார் நிஜாமுதீன் மெதுவாக.

எடை கூடும், மின்கலம் தாங்காது என்று வடிவமைப்புக் கூட்டத்தில் அதை வெட்டியது அவள்தான். மென்பொருளால் ஆகாதது என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தாள்.

நீக்கியை நிறுத்தப் பெட்டியில் விசைகூட இல்லை. கட்டளை எழுத வேண்டும். அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாம் முறை திறந்தது. நீக்கியை நிறுத்தினாள்.

"...யாராவது இருக்கியளா? நான் ரீகன். தண்ணி ஏறுது. இருவது நிமிசமா கத்துறேன். மழைக்குள்ள ஒரு படகு வெளிச்சம் தெரியுது, திரும்பவே மாட்டேங்காவ..."

ரீகனின் புள்ளி அணைந்த இடத்துக்கு அருகே அந்தப் படகை வரைபடத்தில் கண்டுபிடித்து, அவள் படகுகள் பழகிய புதிய அலையில் அழைத்தாள். அரை மணி நேரத்தில் ரீகனையும் உடனிருந்த மூவரையும் தூக்கிவிட்டார்கள். ஜெனோவா மேசையில் முகம் புதைத்து அழுதாள்.

"ஜெனோவா." நிஜாமுதீன் குரலில் பயம் இன்னும் போகவில்லை. "நீக்கி எப்படி இவ்வளவு சுத்தமாத் துடைச்சுது? முன்னாடியே பழகியிருக்கணுமே."

பழகியிருந்தது. துடைத்ததையெல்லாம், அடுத்த முறை சட்டென்று அடையாளம் காண, அது சேமித்தும் வைத்திருந்தது. 'கற்ற இரைச்சல்' என்று பெயரிட்ட கோப்பில் முப்பத்தொரு பதிவுகள். முதல் பதிவின் தேதி, 'விடிவெள்ளி' என்ற படகு ஆறு பேரோடு மூழ்கிய நாள். அந்தப் படகிலிருந்து அழைப்பே வரவில்லை என்று விசாரணையில் கையெழுத்திட்டவள் ஜெனோவா.

பதிவின் நீளம் நாற்பத்தேழு நிமிடம்.

"போடாதீங்கம்மா," என்றார் நிஜாமுதீன்.

அவள் போட்டாள். காற்று, எஞ்சின் திணறல், யாரோ ஜெபிக்கும் சத்தம். பிறகு ஒலிவாங்கிக்கு வெகு அருகில் ஒரு வயதான குரல், பக்கத்தில் இருந்தவனைத் தேற்றியது:

"விடாமக் கூப்பிடு மக்கா. கரையில கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாவ."