ஜன்னல் சின்னத்துப் பனியன்

நாகஜோதி செல்லாத்தாளின் மேசைமேல் ஒரு வெள்ளைப் பனியனைப் போட்டாள். நெஞ்சில் ஜன்னல் சின்னம்; அதன்கீழ், 'எந்தக் கட்சி நிழலும் படாத சுயேச்சை லிங்கசாமி.'

"நாளன்னைக்கு மண்ணரையில எங்க பனியன் தொழிலாளர் சங்கக் கூட்டம்க்கா. நானூறு ஓட்டு, நான் கைகாட்டுற பக்கம் விழும். நாங்க குடியிருக்கிற லைன் வீட்டை இடிச்சு குடோன் கட்டணும்னு நிக்கிறாரு கட்சி வேட்பாளர் சண்முகவேல். அவரை எதிர்க்கிறது இந்த லிங்கசாமிதான். ஜெயிச்சதும் இவரும் அங்க போய்ச் சேந்துட்டா, அறுபது குடும்பம் தெருவுலதான். ஆளு நெசமாவே சுயேச்சைதானான்னு பாத்துச் சொல்லுங்க."

செல்லாத்தாள் இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனியில் துணியில் பழுது தேடும் செக்கிங் வேலை பார்த்தவள். இப்போது ஆட்களைச் செக்கிங் பார்க்கிறாள். அவளுடைய உதவியாளர் ராஜவேல், மூடிப்போன மாலைப் பத்திரிகை ஒன்றின் நிருபர். பத்திரிகை மூடியது, அரசியல் தனக்கு அத்துப்படி என்ற நம்பிக்கை மூடவில்லை.

மறுநாளே அவர் கட்டுக் காகிதத்தோடு வந்தார். வேட்புமனு, வழக்கு விவரம், பழைய தேர்தல் படங்கள், உறவுக்காரர் கல்யாண ஆல்பம் வரை பார்த்தாயிற்று.

"சொக்கத் தங்கமுங்கக்கா. ஊத்துக்குளி கல்யாணத்துல சண்முகவேல் வந்ததும் பந்தியில பாதியில எந்திரிச்சுப் போயிட்டாராம்."

"யாரு சொன்னாங்க?"

"அவரேதான்."

"செரி. பனியன் துணி ஏதுன்னு சொன்னாரா?"

"மேடைக்கு மேடை அதாங்க பேச்சு. 'என் ஊட்டுக்குப் பின்னாடி, என் சொந்த மிஷின்ல ஓட்டுன துணி. ஒரு நூலுக்கும் எவன் தயவும் கிடையாது'ன்னு."

"சண்முகவேல் ஆளுக போன வாரம் பனியன் குடுத்தாங்களே. அதுல ஒண்ணு கொண்டாங்க தம்பி."

கொண்டுவந்ததையும் நாகஜோதி தந்ததையும் அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாலு விரலை வைத்து அளந்தாள். ஊசிமுனையால் எதையோ எண்ணினாள். ராஜவேலும் பார்த்தார். அவருக்கு வெள்ளைதான் தெரிந்தது.

கூட்டத்துக்கு லிங்கசாமி மொடமொடப்பான வெள்ளைச் சட்டையில் வந்தார். கார்க் கதவு திறக்கும் முன்பே கை கூப்பியிருந்தார். செல்லாத்தாள் பனியனைப் பற்றிக் கேட்டதும் மைக்கை வாங்கி, சொந்த மிஷின் கதையை முழுதாகச் சொன்னார். கைதட்டலுக்கு இடமும் விட்டார்.

"ரொம்பச் சந்தோசமுங்க," என்றாள் அவள். "துணி பின்னுற மிஷின்ல ஆயிரக்கணக்கான ஊசி; அதுல ஒண்ணு பழுதானா துணி நெடுக ஒரு கோடு விழும். உங்க பனியன்ல ரெண்டு கோடு, நடுவுல நாலு விரக்கடை. நூல் வளையத்த எண்ணிப் பாத்தா நூத்தியேழு கண்ணி. சண்முகவேல் பனியன்லயும் ரெண்டு கோடு. அதே நூத்தியேழு."

"கோடு எந்தத் துணியிலயும் விழுமுங்க."

"விழும். பழுதான ஊசிய அந்த ஷிப்ட்லயே மாத்திருவாங்க. அதனால இது ரெண்டும் ஒரே மிஷின்ல, ஒரே ஷிப்ட்ல ஓடுன துணி. கடையில வாங்குனேன்னும் சொல்ல முடியாது, சொந்த மிஷின்னு இப்பத்தான் மைக்குல சொன்னீங்க. ஒண்ணு, உங்க மிஷின் அவருக்கு ஓடுது. இல்லீன்னா, அவரு மிஷின் உங்களுக்கு ஓடுது. எதுன்னு நீங்களே சொல்லிருங்க."

"இது என் அரசியல் தூய்மையைக் களங்கப்படுத்தும் சதி," என்றார் லிங்கசாமி, செந்தமிழுக்கு மாறி.

"சதி இல்லீங்க. ஊசி."

கோடு விழுந்து ஏற்றுமதிக்கு ஆகாத துணி வாக்காளருக்குப் போதும் என்று இரண்டு பேரும் சேர்ந்தே கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த வாக்காளர்களில் பாதிப் பேருக்குப் பிழைப்பே கோடு கண்டுபிடிப்பதுதான் என்பது மட்டும் கணக்கில் விட்டுப்போயிற்று. இரண்டு பனியனும் டியூப்லைட் வெளிச்சத்தில் வரிசை வரிசையாகக் கைமாறின. செக்கிங் பெண்கள் வேலை நேரத்தில் பார்ப்பதுபோலவே பார்த்தார்கள், அடுத்தவளிடம் தள்ளினார்கள்.

கடைசியாக நாகஜோதியிடம் வந்தன. பழுதான இடத்தைக் காட்டக் கம்பெனியில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை இடுப்புப் பையிலிருந்து எடுத்தாள். இந்தப் பனியனில் ஒன்று ஒட்டினாள். அந்தப் பனியனில் ஒன்று.

பிறகு எழுந்துபோய், லிங்கசாமியின் நெஞ்சில் ஒன்று ஒட்டினாள். அந்தச் சட்டையில் கோடு எதுவும் இல்லை.