மூலைக் குழி

மாரடைப்பு வந்த அக்காவின் கை தங்கையின் கைக்குள்ளேயே குளிர்ந்துபோய் முப்பத்தொன்பது நாளும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தபோது, மூலைக் குழியில் நீலம் தெரிந்தது.

அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில், தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட, உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. குழிக்கு ஒருவராக, ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு விடுவாள். கெட்ட கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் புரதத்தை, குழியின் அடியில் பூசிய ஆன்டிபாடி பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த அளவுக்கு நீலம் ஏறும். கடைசியில் அமிலம் விட்டால் அந்த நீலம் மஞ்சளாகும். வலது கீழ் மூலைக் குழி மட்டும் வெற்று. அதில் யாருடைய ரத்தமும் கிடையாது, வெறும் உப்புக்கரைசல். தண்ணீர் மாதிரி இருக்க வேண்டியது.

அமிலம் விட்டு, தட்டைக் கருவிக்குள் தள்ளினாள். மூலைக் குழிக்கு 214 என்று வந்தது. நூற்றைத் தாண்டினாலே டாக்டர்கள் நெற்றியைச் சுருக்குவார்கள்.

அந்த எண் அவளுக்குப் புதிதல்ல.

சீனியர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஆளே இல்லாத குழிக்கு இருநூத்திப் பதினாலா? பேய்ங்ககூட டயட்ல இல்ல போல" என்றார். சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். புதுக் கரைசல் எடுத்து வெற்றாக ஒரு தட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஜன்னல் இல்லாத அறை. வெளியே நல்ல வெயில் என்பது அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்ததும் மறந்துபோயிற்று. உறைபெட்டி மூச்சு வாங்குவதுபோல் இரைந்துகொண்டிருந்தது. ஸ்பிரிட் வாடைக்கு அடியில், அக்கா தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாடை லேசாக, மிக லேசாக வந்தது. மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. மாமா. அக்காவின் கணவர். காலையிலிருந்து இது ஐந்தாவது முறை. அக்கா மகள் பாப்பாவின் முழங்கையில் மஞ்சளாகச் சின்னக் கட்டிகள் வந்திருக்கின்றன, வீட்டில் யாருக்காவது ரத்தத்தில் கொழுப்பு அதிகம் உண்டா என்று டாக்டர் கேட்கிறார் என ஒரு செய்தியும் அனுப்பியிருந்தார். அவள் எடுக்கவில்லை.

புதுக் கரைசல். சொட்டு விடும் குழாய்க்குப் புது முனைகள். தொண்ணூற்றாறு குழிகளிலும் கரைசலைத் தவிர வேறொன்றும் விடவில்லை. உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்தாள், எடுத்தாள், கழுவினாள், நிறம் தரும் திரவத்தை விட்டாள்.

மூலையில் நீலம்.

பக்கத்துக் குழியிலும். அதற்கடுத்ததிலும். ஒரு வரிசை முடிந்து மேல் வரிசைக்கு ஏறியது, யாரோ விரல்விட்டு எண்ணிக்கொண்டே போவதுபோல.

அவள் உறைபெட்டியைத் திறந்தாள். ஏன் திறக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. கடைசி அடுக்கு. கடைசிப் பெட்டி. எல்லாச் சீரம் குப்பிகளும் வெண்பனி மூடிக் கிடந்தன. ஒன்றின்மேல் மட்டும் பனியில்லை. அதில் அக்காவின் பெயர், அவளுடைய சொந்தக் கையெழுத்தில்.

எடுத்தாள்.

சூடாக இருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் அந்தக் கை கடைசியாக எவ்வளவு சூடாக இருந்ததோ, அவ்வளவு.

திரும்பிப் பார்த்தாள். தட்டு முழுவதும் மஞ்சள். இந்தத் தட்டுக்கு அவள் இன்னும் அமிலமே விடவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. இந்த முறை எடுத்தாள்.

"என்னம்மா, எத்தனை தடவை கூப்பிடுறது" என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "டாக்டர் திரும்பத் திரும்பக் கேக்குறார். உங்கக்காவுக்கு அப்படி ஒண்ணும் இல்லைல்ல? நீதானே பாத்து நார்மல்னு சொன்னே?"

குப்பி கைக்குள் ஒருமுறை துடித்தது. மெல்ல, மணிக்கட்டு நாடிபோல.

"மாமா, நார்மல் இல்ல. எட்டு மாசத்துக்கு முன்னாடி அக்கா ரத்தத்த விளையாட்டா எடுத்து, மிச்சமிருந்த மூலைக் குழில போட்டேன். இருநூத்திப் பதினாலு வந்துச்சு. ஓரத்துக் குழி எப்பவும் தப்பாத்தான் காட்டும்னு நானே அந்த எண்ண அடிச்சு விட்டுட்டேன். மறுபடி போட்டுப் பாக்கவே இல்ல. அக்காகிட்ட நார்மல்னு பொய் சொன்னேன்."