ஹாலில் யாரும் சொல்லவில்லை!

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை காலை. கோலார் தங்க வயல், பாலகாட். மூடப்பட்ட சுரங்க ஷாப்ட் ஒன்றின் வேலிக்குள் வாட்ச்மேன் இன்பராஜின் உடல் கிடந்தது.

குடித்துவிட்டு விழுந்தான் என்றது போலீஸ்.

அடுத்த சனிக்கிழமை. அதே பாலகாட்டில் ஒரு சர்ச் ஹால். வட்டமாக நாற்காலிகள், கேமரா, சமோசா.

பழைய சுரங்கக் கழிவான சைனைட் மண்மேட்டை அள்ளித் தங்கம் எடுக்க ஒரு கம்பெனி கிளம்பியிருந்தது. அனுமதி இன்னும் வரவில்லை. ஊர்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள்? உட்காரவைத்துப் பேசவைக்க வந்தவள் ஜெனிட்டா. ஃபோகஸ் குரூப் நடத்துவது அவள் தொழில்.

கம்பெனி மேனேஜர் பிரதாப், பக்கத்து அறையில் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரல் மட்டும் போன் வழியாக ஜெனிட்டாவின் இயர்போனில்...

"வாட்ச்மேன் பொண்டாட்டி எப்படி உள்ள வந்தா? வேணாம்னு சொன்னேனே!"

கூப்பிட்டதே ஜெனிட்டாதான்!

"மேட்டுப் பக்கம் போக பயமா இருக்கா?" என்று குழுவைக் கேட்டாள்.

"பயம் இன்னாத்துக்கு?" ஜெயசீலி நிமிர்ந்தாள். "எம் புருசன் அங்கதான் காவலு. ஒரு சொட்டு தொட்டதில்ல. குடிகாரன்னு எழுதிட்டாங்க. அத மாத்தாம வுடமாட்டேன்!"

"இன்பராஜி குடிச்சான்னா நான் பாதிரியாரு!" என்றார் பென்ஷன்காரர் முனிரத்தினம், நெற்றி நிறைய விபூதியோடு.

சிரிப்பு.

"அன்னைக்கு என்னக்கா நடந்தது?" ஜெயசீலியிடம் கேட்டாள் ஜெனிட்டா.

"தெர்லம்மா. நைட் ஷிப்டுக்குப் போனாரு... வரல. அவரு போனும் கெடைக்கல."

இயர்போன் சீறியது.

"பேச்ச மாத்து! அந்த லாரி வீடியோ பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது!"

ஜெனிட்டா உறைந்தாள்.

லாரியா? வீடியோவா?

ஹாலில் யாரும் அதைச் சொல்லவில்லையே!

கேமரா குழுவை மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தது; அவள் செய்வது பிரதாப்புக்குத் தெரியாது. இயர்போனைப் பிடுங்கினாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"சரியா கேக்கல சார்... எந்த வீடியோ?"

"ராத்திரி நம்ம லாரி மண்ணு அள்ளறத அவன் எடுத்தானே, அது! போனோட ஒழிஞ்சுது. அவளுக்குத் தெரியாது, நீ கிளறாதே!"

குரல் ஹால் முழுக்க அதிர்ந்தது. கேமராவிலும் பதிவானது.

ஜெயசீலி எழுந்தாள். ஓடவில்லை... நடந்தாள். பக்கத்து அறைக் கதவை வெளியிலிருந்து தாழிட்டாள்.

"ஏய்! கதவத் தொற!"

"உள்ளயே குந்துடா!"

ஜெனிட்டா கதவருகே வந்தாள்.

"மன்னிக்கணும் சார்! குரூப் முடியற வரைக்கும் க்ளையன்ட் வெளிய வரக் கூடாது. எங்க தொழில்ல அது ரூல்!"

போலீஸ் வந்துதான் தாழ்ப்பாளைத் திறந்தது. இன்பராஜின் சாவு கொலை வழக்காக மாற்றப்பட்டது.