ஜரிகைப் பையில் ஒரு கார் சாவி

கைப்பிடியில் கை வைத்ததும் கதவு திறந்துகொண்டது. மழைக்குப் பயந்து நதியா உள்ளே பாய்ந்தாள். துப்பட்டாவைப் பிழிந்துவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாள். கார் கீ... கீ... என்று கத்தியதே தவிர கிளம்பவில்லை. சாவி கைப்பையில்தானே இருக்கிறது? அண்ணன் முதன்முதலாக நம்பிக் கொடுத்த வண்டி, இன்றைக்கென்று இப்படி மானத்தை வாங்குகிறதே...

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். தொப்பலாக நனைந்த ஓர் இளைஞன். வழிகிற தண்ணீருக்கு நடுவே இரண்டு கண்கள்... கோபமாகத்தான் இருந்தன. ஆனால் அவள் நெஞ்சு படபடத்தது அந்தக் கோபத்துக்காக அல்ல.

"என்னம்மா, என் வண்டியில உக்காந்துக்கினு என்ன பண்றீங்க?"

"உங்க வண்டியா? இது எங்க அண்ணனோட..."

திரும்பினாள். பின் சீட்டில் ஜரிகைக் கட்டுகள். நாலு வீடு தள்ளி, அச்சு அசலாக இதே போல இன்னொரு வெள்ளைக் கார் சாதுவாக நனைந்துகொண்டிருந்தது. அவளுக்குக் காது வரை சூடேறியது.

"நான் திருடி இல்லங்க. வாலாஜாபாத்ல கார் ஷோரூம்ல வேலை பாக்குறேன்."

"நல்ல ஷோரூம்."

சிரித்தான். பாவி, கன்னத்தில் குழி வேறு...

"உங்க சாவி எங்க?" என்று அவள் எதிர்த்துக் கேட்டாள்.

கார் ஒட்டி நின்ற சுவரின் சன்னலைக் காட்டினான். உள்ளே தறி. சன்னலோரம் ஏகாம்பரநாதர் படம், அதன் கீழே ஆணியில் சாவி.

"பூஜை போட்ட நாள்லேர்ந்து அங்கதான் மாட்டுறோம். சாமி பாத்துக்குவாரு."

"சாமி பாத்துக்கினுதான் இருக்காரு. சாவி சும்மா இருக்கணுமே? இங்க இருக்கேன், இங்க இருக்கேன்னு வண்டிக்கு சிக்னல் குடுத்துக்கினே இருக்குது. அதான் நான் தொட்டதும் திறந்துச்சு. நெசத் திருடன்னா ஒரு பெட்டியால அந்த சிக்னலப் புடிச்சு, வண்டிய ஸ்டார்ட்டே பண்ணிடுவான். கண்ணாடி ஒடையாது, சத்தமும் வராது. சாவிய உள் ரூம்ல வைங்க. சிக்னல் வெளிய வராத பை விக்குது, அதுல போட்டு வைங்க. ஸ்டியரிங்குக்கு ஒரு பூட்டு மாட்டுங்க."

மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் எதைக் கேட்டானோ... அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்காமலே தன் பேர் சிவபாலன் என்றான். எதற்கும் இருக்கட்டும் என்று நம்பரும் வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து நதியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஷோரூமில் சாவி கேட்டவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். தூறல் போட்டால் வாசலுக்கு ஓடினாள். கடைசியில் அவனே போன் செய்தான். "பை நானே நெய்ஞ்சிட்டேன். வந்து டெஸ்ட் பண்ணுங்க."

பட்டும் சுத்த ஜரிகையுமாக ஒரு குட்டிப் பை. ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, சிக்னல் தாண்டாது என்றான். காஞ்சிபுரத்துக்காரனைத் தவிர வேறு யாருக்கு இப்படித் தோன்றும்? சாவியைப் பைக்குள் போட்டு அதே ஆணியில் மாட்டினான். உள்ளே அவன் அப்பா கைலாசம், பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து வந்த நீலாம்பாளுக்கு அவள் மகளின் முகூர்த்தப் புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நதியா வெளியே போய்க் கைப்பிடியைத் தொட்டாள். கதவு சமர்த்தாகத் திறந்துகொண்டது.

"அய்யே... உங்க ஜரிகை டூப்ளிகேட்பா" என்று சன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் நெசவாளி வீட்டு வாசலில் சொல்லக்கூடாத சொல். நீலாம்பாள் புடவையை அப்படியே விட்டு எழுந்தாள். சிவபாலன் வெளியே வந்தான். கண்ணில் அன்றைய கோபம்கூட இல்லை.

"எங்கப்பா சம்பாதிச்சது இந்த ஒரு பேருதாங்க. நீங்க போங்க."

அதன் பிறகு அவள் போனை அவன் எடுக்கவே இல்லை. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. இப்படியே விட்டால் அந்தப் பேரும் போகும், அவனும் போவான்... ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரைக் கூரத்துக்கு விட்டாள், விசாரித்து நீலாம்பாள் வீட்டைக் கண்டுபிடித்தாள்.

"அம்மா, நான் வாய்க்கு வந்தத உளறிட்டேன். ஜரிகையப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. பையோட வாய் வழியா, இழைக்கு நடுவுல சிக்னல் போயிடும். சுத்த வெள்ளியா இருந்தாலும் போகும். நீங்களே வந்து உரசிப் பாருங்க."

நீலாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரும்மா நீ அவங்களுக்கு?"

நதியாவுக்கு அழுகைதான் வந்தது. நீலாம்பாள் மேற்கொண்டு கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள்.

கைலாசம் உரைகல்லில் ஜரிகையை உரசிக் காட்டினார். வெள்ளி பளிச்சென்றது. நீலாம்பாள் புடவையைக் கையோடு வாங்கிப் போனாள். கைலாசம் மறுபடி தறியில் உட்கார்ந்தார். நதியா வாசலில் தூறலிலேயே நின்றாள். சிவபாலன் மெதுவாகக் கேட்டான்.

"கூரம் வரைக்கும் போய்க் கெஞ்சணும்னு உங்களுக்கு என்ன?"

"உங்க பேர நான்தானே கெடுத்தேன்..."

"அதுக்கு மட்டுந்தானா?"

ஊருக்கெல்லாம் பூட்டு விளக்கம் சொல்கிறவளுக்கு இப்போது ஒரே ஒரு சொல்தான் வந்தது. "இல்ல..."

"உங்கள போகச் சொல்லிட்டு தறியில உக்காந்தேன். இழை அறுந்துக்கினே இருக்குது. முடிச்சுப் போட்டா பக்கத்துல அறுவுது."

"போன எடுத்திருக்கலாமே."

"எடுத்தா மன்னிச்சிடுவேன்னு பயம்."

அவள் கண் கலங்கிச் சிரித்தாள். 'நீங்க' எப்போது உதிர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"உன்ன விட்டுட்டு என்னால இருக்க முடியலப்பா... கட்டிக்கிறியா?"

சிவபாலன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உள்பக்கம் திரும்பித் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டான்.

"அப்பா... காதுல விழுந்துச்சா?"

"தறிய நிறுத்திட்டுத்தான்டா கேட்டுக்கினு இருக்கேன். அந்தப் பொண்ணு மழையில நிக்குது, உள்ள கூப்பிடு."