அக்காவின் சாக்ஸ்

எட்டு நாளாக வீட்டில் பாத்திரம் தேய்ப்பது அக்காதான். நாட்டுக்காக நாற்பத்தோரு கால்பந்து ஆட்டம் ஆடி, பத்தொன்பது கோல் போட்டவள் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுவதைப் பார்த்து மிளகுக்குத் தலைகால் புரியவில்லை.

மிளகு என்பது பட்டப்பெயர். வயது பத்து. ஆள் சிறிசு, வாய் பெரிசு.

தினமும் மாலையில் வீட்டுக்குப் பின்னால் அக்கா ஐந்து பெனால்டி அடிப்பாள். தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக் கம்பத்துக்கும் நடுவில்தான் கோல். தங்கைக்கு வலிக்கக் கூடாதென்று மெதுவாகத்தான் அடிப்பாள், ஆனால் குறி மூலையில் இருக்கும். மிளகு மூன்றைத் தடுத்துவிட்டால் அன்றைய பாத்திரம் அக்காவுக்கு.

மிளகிடம் ஒரு ரகசியம் இருந்தது. அடிக்கும் முன் அக்கா குனிந்து சாக்ஸை இழுத்துவிடுவாள். வலது சாக்ஸ் என்றால் பந்து வலப்பக்கம் போகும், இடது என்றால் இடப்பக்கம். அது அக்காவுக்கே தெரியாது. மிளகும் மூச்சுவிடவில்லை.

ஒன்பதாம் நாள் அக்கா பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் வெளிநாட்டில் ஆடக் கிளம்புகிறாள். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆடிய முதல் ஆட்டத்தில் ஒரு பெனால்டியைக் கோட்டைவிட்டிருந்தாள்.

"இந்தத் தடவையும் விட்டா, கோச் வேற ஆளைப் பாத்துக்குவாங்க. இது பழைய கால் இல்லடி," என்றாள்.

மிளகு போனில் அந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தாள். அக்கா இடது சாக்ஸை இழுத்தாள். பந்தை உதைக்கும் முன்பே எதிரணி கோல்கீப்பர் அந்தப் பக்கம் பாய்ந்துவிட்டாள். மிளகுக்குப் பகீரென்றது. ரகசியம் ஊருக்கே தெரிந்துவிட்டது.

சொல்லிவிட்டால் இனி ஒரு பந்தையும் தடுக்க முடியாது. பாத்திரம் வேறு. கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு அக்காவின் முன்னால் போய் நின்றாள்.

"உன் கால் நல்லாத்தான் இருக்கு. சாக்ஸ்தான் காட்டிக்கொடுக்குது."

அக்கா நம்பவில்லை. இருவரும் பின்பக்கம் போனார்கள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பந்து எந்தப் பக்கம் வரும் என்று மிளகு சொன்னாள். நாலுக்கு நாலு சரி.

"எட்டு நாளா என்னை ஏமாத்தினியா?"

"முதல் நாள் மட்டும் நிஜமாவே தடுத்தேன்," என்றாள் மிளகு.

அக்கா சாக்ஸைத் தொடாமல் ஒன்று அடித்துப் பார்த்தாள். பந்து சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது.

"பதினாலு வருஷப் பழக்கம். தொடாம அடிச்சா கையும் ஓடல, காலும் ஓடல," என்று உட்கார்ந்துவிட்டாள்.

மிளகு சுவரேறிப் பந்தை எடுத்து வந்தாள். வரும்போதே யோசித்துவிட்டாள்.

"அப்ப நீ இழுத்துக்கோ. வலதை இழுத்துட்டு இடது பக்கம் அடி."

அக்கா எழுந்தாள். பிறகு இருட்டும்வரை அதையே அடித்துப் பழகினாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் மிளகும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று. முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது பெனால்டி கிடைத்தது. அக்கா பந்தை வைத்தாள், குனிந்தாள், வலது சாக்ஸை இழுத்தாள்.

கோல்கீப்பர் அந்தப் பக்கம் பாய்ந்தாள். பந்து இந்தப் பக்கம் வலைக்குள் போனது.

அக்கா கேமராவை நோக்கி ஓடி வந்து, இரண்டு சாக்ஸையும் முழங்கால்வரை இழுத்துக் காட்டினாள்.

"இவ எதுக்கு இப்படிப் பண்றா?" என்று அம்மா கேட்டாள்.

"அது எனக்கும்மா," என்றாள் மிளகு.

ஆட்டம் முடிந்ததும், யாரும் சொல்லாமலே எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்தாள்.